லிட்டருக்கு மூன்று ரூபாய்

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களில் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்ற அறிவிப்பு 2023 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2022 நவம்பரில், பசும்பாலின் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும் எருமைப்பாலின் விலை 41 ரூபாயிலிருந்து 44 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டிருந்தது. ஆக மொத்தம் பசும்பாலுக்கு 38, எருமைப்பாலுக்கு 47. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பியிருக்கும் குடும்பத்தின் கணக்கு இதற்குள் அடங்குவதில்லை.

முதலில், அந்த 35 ரூபாய் எல்லாப் பாலுக்குமான விலை அன்று. சங்கத்தில் பாலை அளந்து ஊற்றும்போதே சிறு குப்பியில் மாதிரி எடுத்து, கொழுப்பும் எஸ்.என்.எஃப் எனப்படும் கொழுப்பல்லாத திடச்சத்தும் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். கோடையில் பசுந்தீவனம் இல்லாமல் வைக்கோலையே போட்டுக் கட்டிய மாட்டின் பாலில் எஸ்.என்.எஃப் இறங்கிவிடும், கறந்தவர் கை ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காவிட்டாலும் சீட்டில் விலை குறைந்தே வரும்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. மானியம் லிட்டரைப் பின்தொடர்கிறது. செலவோ மாட்டைப் பின்தொடர்கிறது. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 24 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கும். அதே மாடு சினையாகி, கன்று ஈனுவதற்கு முன் ஏறக்குறைய இரண்டு மாதம் கறவை வற்றி நிற்கும்போது ஒரு பைசாவும் கிடையாது. வயிற்றில் கன்று வளர்கிற அந்தக் காலத்தில்தான் தவிடும் புண்ணாக்கும் தாராளமாகப் போட வேண்டியிருக்கிறது. போடாமல் விட்டால் அடுத்த ஈற்றில் பால் குறையும், அதோடு ஊக்கத்தொகையும் குறையும். பத்து மாடு வைத்திருப்பவர் ஒன்று வற்றினால் மற்றவற்றைக் கொண்டு சமாளிப்பார். ஒற்றை மாட்டுக்காரர் கடன்தான் வாங்க வேண்டும்.

கிருஷ்ணகிரி போன்ற எல்லை மாவட்டங்களில் பேச்சு உடனே கர்நாடகத்துக்குத் தாவிவிடும். அங்கே 2008இல் லிட்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கிய ஊக்கத்தொகை பின்னர் 5 ரூபாயாக உயர்ந்தது. இரண்டு மாநிலங்களின் கொள்முதல் விலையும் வேறு வேறு என்பதால், மூன்றையும் ஐந்தையும் மட்டும் வைத்து அங்கலாய்ப்பது சரியாகாது. ஆயினும் கறவை வற்றிய மாட்டுக்கு ஒன்றுமில்லை என்பதில் இரு பக்கமும் ஒன்றுதான்.

தனியார் பால் பண்ணைகளுக்கு ஊற்றுவோர் இந்த 3 ரூபாய்க் கணக்கிலேயே வருவதில்லை. அவர்களும் சங்கத்துக்கு வரட்டும் என்பது அரசின் நோக்கமாக இருக்கலாம்; அதில் தவறில்லை. எனினும் சங்கம் இல்லாத ஊர்க்காரர் எங்கே போவார்?

விலையைக் கூட்டும்போதெல்லாம் நகரத்தில் பாக்கெட் விலை பற்றிய கூச்சல் எழுவதால் அரசுகள் தயங்குவது புரிகிறது. அப்படியென்றால் பணத்தில் ஒரு பங்கை மாட்டின் பெயரிலேயே தரலாம். சினை உறுதியான மாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் சங்கத்தின் வழியாகக் கலப்புத் தீவனத்தைப் பாதி விலையில் கொடுத்தால் போதும். சினை ஊசி போட்ட தேதி கால்நடை மருந்தகத்தில் இருக்கிறது, மாட்டின் காதில் எண் வில்லை இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை.