9842-இல் தொடங்கும் எண்கள்

திண்டுக்கல்லில் சித்தப்பா செல் கடை வைத்திருந்தார். கோடை லீவுக்குப் போனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்துவிடுவார். ரீசார்ஜ் கார்டைச் சுரண்டி, அந்த நீளமான எண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை, ஏனென்றால் வருகிற பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். யாராவது 9842 என்று ஆரம்பித்தாலே சித்தப்பாவின் கை தானாக ஏர்செல் கட்டுக்குப் போய்விடும். 9843 என்றால் பிபிஎல், 9894 என்றால் ஏர்டெல். முழு எண்ணையும் கேட்கவே வேண்டாம்.

ஏர்செல்லை எல்லாரும் "நம்ம ஊர் கம்பெனி" என்பார்கள். அது உண்மையில் யாருடைய கம்பெனி என்று ரொம்ப நாள் கழித்துத்தான் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி.

முதலில் இந்த "வட்டம்" சமாச்சாரம். அரசு செல்போன் உரிமத்தை நாடு முழுக்கச் சேர்த்துக் கொடுக்காமல் வட்டம் வட்டமாகக் கொடுத்தது. சென்னை தனி வட்டம், புதுச்சேரியோடு சேர்ந்த மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டம். சி. சிவசங்கரன் (எண்பதுகளில் மலிவு விலையில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர் விற்றாரே, அவரேதான்) 1999-இல் ஏர்செல்லைத் தொடங்கியது இந்த இரண்டாவது வட்டத்தில். சென்னைக்குள் அதற்கு இடமில்லை, அங்கே ஆர்பிஜி செல்லுலாரும் ஸ்கைசெல்லும் இருந்தன. 2003-இல் ஆர்பிஜியை வாங்கித்தான் ஏர்செல் தலைநகருக்குள் வந்தது. அந்தச் சென்னைக் கம்பெனிக்கு ஏர்செல் செல்லுலார் என்று பெயர், தமிழ்நாட்டுக் கம்பெனி ஏர்செல் லிமிடெட், அப்புறம் பீகார், அசாம், வடகிழக்கு என்று மற்ற ஊர் உரிமங்களை வைத்திருக்க டிஷ்நெட் வயர்லெஸ். வாடிக்கையாளருக்குத் தெரிந்தது ஒரே பெயர், காகிதத்தில் மூன்று கம்பெனிகள்.

2005 வரை இந்தியத் தொலைத்தொடர்புக் கம்பெனியில் வெளிநாட்டு முதலீடு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த வருஷம் அதை 74 ஆக உயர்த்தினார்கள். வருஷக் கடைசியிலேயே மலேசியாவின் செல்போன் கம்பெனி மேக்சிஸ் ஏர்செல்லை வாங்குவதாக அறிவித்தது. எத்தனை சதவீதம்? சரியாக 74. மீதி 26 அப்பல்லோ மருத்துவமனை ரெட்டி குடும்பத்தின் நிறுவனத்துக்கு. ஒரு சதவீதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சட்டம் போட்ட கோட்டில் அப்படியே கால் வைத்து நின்றார்கள். மேக்சிஸ் கொடுத்தது சுமார் 80 கோடி டாலர். மேக்சிஸின் முதலாளி ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட மலேசியத் தமிழர், 2024 நவம்பரில் காலமானார். ஆக, தமிழர் கையிலிருந்து தமிழர் கைக்குத்தான் போனது, நடுவில் மட்டும் வங்காள விரிகுடா. கம்பெனியை விற்கும்படி தன்னை நெருக்கினார்கள் என்று சிவசங்கரன் பிற்பாடு சொன்னதும், சிபிஐ வழக்குப் போட்டதும், 2017 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் மாறன் சகோதரர்களை (விற்பனை நடந்தபோது தயாநிதி மாறன்தான் தொலைத்தொடர்பு அமைச்சர்) விடுவித்ததும் தனிக் கதை, அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமானது மலேசியாவில் நடந்தது. 2007-இல் மேக்சிஸைப் பங்குச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 2009-இல் திரும்பக் கொண்டுவந்தபோது மலேசியத் தொழிலை மட்டும்தான் கொண்டுவந்தார்கள். ஏர்செல் அந்தப் பெட்டியில் இல்லை, மேலே இருந்த தாய்க் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்குச் சோறு போடுகிற வியாபாரம் ஒரு பக்கம், சூதாட்டம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

சூதாட்டம் என்று சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஏர்செல் ராஜா மாதிரி இருந்தது. 98 ரூபாய் பாக்கெட் இன்டர்நெட் போட்டு நோக்கியாவில் ராத்திரி முழுக்க ஓபரா மினியோடு கிடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோனி விளம்பரம், சிஎஸ்கே சட்டையில் பெயர், எல்லாம் இருந்தது. இங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 2006 கடைசியில் மற்ற வட்டங்களுக்கும் உரிமம் வந்துவிட்டது, நாடு முழுக்க ஓட ஆசை. 2010 ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 3ஜி அலைக்கற்றை, சுமார் 6,500 கோடி ரூபாய். அது போதாதென்று 8 வட்டங்களுக்கு பிராட்பேண்ட் அலைக்கற்றை, இன்னொரு 3,400 கோடி. அதே வருஷ ஆரம்பத்தில் தன் 17,500 டவர்களை, டவர் வாடகைக்கு விடுகிற ஜிடிஎல் இன்ஃப்ராவுக்குச் சுமார் 8,400 கோடிக்கு விற்றிருந்தது. அதாவது சொந்த வீட்டை விற்று, அதே வீட்டில் மாத வாடகைக்குக் குடியேறி, கடன் வாங்கி ஊர் ஊராக மனை வாங்குவது. குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் யார் ஏர்செல் சிம் கேட்டார்கள்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதே மாதம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணைப்பு என்று அறிவித்தார்கள், அதுவும் 2017 அக்டோபரில் முறிந்தது. இடையில் அலைக்கற்றையைக் கைமாற்ற உச்ச நீதிமன்றம் வேறு தடை போட்டிருந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் போய், போர்ட் பண்ணக் கடைகள் முன்னால் ஜனம் வரிசையில் நின்றதும், அந்த மாதக் கடைசி நாளில் கம்பெனி திவால் தீர்ப்பாயத்துக்குப் போனதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று கம்பெனிகளும் சேர்ந்தே போயின. வங்கிகளுக்கு மட்டும் 15,000 கோடிக்கு மேல் பாக்கி. டவரை வாங்கிய ஜிடிஎல்லுக்கும் பெரிய வாடகைதாரர் போனதில் சரியான அடி.

சித்தப்பா கடை இப்போது பாதி ஜெராக்ஸ், பாதி மொபைல் கவர். போர்டில் அவருடைய 9842 எண் அப்படியே இருக்கிறது, வேறு கம்பெனிக்கு மாறி ஏழெட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் போயிருந்தபோது ஒரு பெரியவர் ரீசார்ஜுக்கு வந்து 9842 என்று ஆரம்பித்தார். சித்தப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டார்: "எந்த நெட்வொர்க்குங்கய்யா?"