பால் காயாத படலம்

நவம்பர் 4
அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 5
பினாங்கிலிருந்து எடுத்துவந்த படலத்தை அப்பாவிடம் காட்டினேன். தபால்தலை அளவுதான். "என்னம்மா, பால் காயாம கெடக்கு?" என்றார். சுங்கை சிப்புட் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவருக்கு வெள்ளை என்றாலே பால்தான். தப்பும் இல்லை. பாலில் ரப்பர் துளியும் தண்ணீரும் ஒளியை ஒரே மாதிரி வளைப்பதில்லை, அதனால் வெள்ளை. தண்ணீர் போனால் மெல்லிய ஒட்டுப்பால் கண்ணாடி போலத் தெரியும். என் படலத்தில் பிளாஸ்டிக் மாதிரியான பாலிமருக்குள் மைக்ரான் அளவில் திரவப் படிகத் துளிகள்; திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். கதை அதேதான்.

நவம்பர் 6
கள்ள நோட்டு பார்க்கும் டார்ச், 365 நானோமீட்டர். படலத்தின் மேல் பிடித்தேன். மெல்லத் தெளிந்து, பின்னால் காலண்டர் முருகன் தெரிந்தார்! துளிகளில் கலந்த அசோபென்சீன் வெளிச்சத்தில் வடிவம் மாறும் மூலக்கூறு. நீட்டாக நிற்பது புற ஊதா பட்டதும் மடங்குகிறது. பக்கத்து மூலக்கூறுகளின் வரிசையும் கெடுகிறது. தோட்டத்துப் பெரட்டில் வரிசையாக நின்றவர்கள் கலைந்த மாதிரி. வரிசை போனால் துளிக்கும் பாலிமருக்கும் வித்தியாசம் குறையும், ஒளி சிதறாமல் நேரே போகும்.

அப்பா சோறு சாப்பிடவில்லை.

நவம்பர் 7
தூக்கம் இல்லை. தெளிய வைத்தது வெளிச்சமா, சூடா? டார்ச்சும் சுடுகிறது, மதியம் தகரக் கூரையும் சுடுகிறது. துளிகளில் உள்ள இ7 என்ற திரவப் படிகக் கலவை சுமார் 60 டிகிரியில் தானாகவே வரிசை இழக்கும். அசோ சேர்ந்தால் அந்த அளவும் மாறலாம். 1888இல் ரெய்னிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டெரில் பென்சோயேட்டில் முதன்முதலாகத் திரவப் படிகம் பார்த்ததும் சூட்டின் வேலைதான்: 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5இல் தெளிந்தது. எனக்கு வேண்டியது அது இல்லை. ராத்திரி அப்பா நெற்றியைத் தொட்டேன். காய்ச்சலா, என் கையே சூடா? மூன்று தடவை தொட்டும் தெரியவில்லை. சிடுசிடுத்தார்.

நவம்பர் 8
போன். ராங் நம்பர்.

நவம்பர் 9
சூடு என்றால் டார்ச்சை எடுத்த கொஞ்ச நேரத்தில் படலம் மறுபடி வெளுக்க வேண்டும். தெளிந்ததும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். தெளிவாகவே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம். அப்படியேதான்.

நவம்பர் 10
தீபாவளிக்குக் கட்டிய நீல விளக்குச் சரம் வாசலில் இன்னும் தொங்குகிறது. படலத்தை அதனடியில் பிடித்தேன். வெளுத்தது! நீலம் பட்டால் மடங்கியது நிமிரும். சூடு இல்லை, வெளிச்சம்தான். அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "சரி, லைட்ட அணைச்சிட்டுப் படு."

நவம்பர் 11
காலை 8.40. ஆஸ்பத்திரியிலிருந்து. நேரில் வரச் சொல்கிறார்கள், போனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். டப்பாவை