உப்பு நீரில் ஒரு புல்தரை: காட்பாடி வீட்டு அனுபவம்

காட்பாடியில் வீடு கட்டி முடித்தபோது முன்புறத்தில் ஏறத்தாழ ஒரு சென்ட் இடம் எஞ்சியது. குழந்தைகள் ஓடி விளையாட வேண்டும் என்ற ஆசையில், மாசிக் கடைசியில், சதுரமாக வெட்டி விற்கும் கொரியன் புல் பத்தைகளை வாங்கிப் பரப்பி, பங்குனி முழுவதும் மாலைதோறும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் தெளித்தேன். சித்திரையில் ஓரங்கள் கருகின. கத்திரி முடிவதற்குள் பாதிக்கு மேல் காய்ந்து, பத்தையைப் பாய்போலச் சுருட்டி எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. வேர் ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை.

அந்தப் புல்லின்மேல் குற்றமில்லை என்பது தோண்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மேலே நான்கு விரற்கடை செம்மண். அதன் கீழே கட்டட வேலையில் கொட்டி மிதிபட்டு இறுகிய சிமென்டுக் கலவை, செங்கல் துண்டு, சுண்ணாம்பு. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை 8.8, அதாவது காரம் மிகுந்த மண், என்று அட்டை வந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரும் உவர்ப்பு. நாள்தோறும் மேலாகத் தெளித்த நீர் வெயிலில் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கி வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் அக்கறை என்று நினைத்துச் செய்ததே புல்லைக் கொன்றிருக்கிறது. இதை அறிந்தபோது மனம் மிகவும் வருந்தியது.

ஆனி மாதத்தில் ஓர் அடி ஆழம் வெட்டி, இடிபாட்டைச் சலித்து அப்புறப்படுத்தி, அட்டையில் கண்ட அளவுக்கு ஜிப்சம் தூவிக் கிளறிவிட்டோம். ஜிப்சத்திலுள்ள கால்சியம், மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கி அந்த இடத்தில் தான் அமர்கிறது; விலகிய சோடியத்தை நல்ல தண்ணீர் கீழே இழுத்துச் சென்றால்தான் பயன் உண்டு. அதனால் மாடியில் விழும் மழைநீர்க் குழாயை நேராக அந்த இடத்துக்கே திருப்பி, ஆடியிலும் ஆவணியிலும் பெய்த மழை முழுவதையும் பாத்தி கட்டித் தேக்கினேன். இரண்டு மாதம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இந்தப் பகுதி மண்ணில் இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதைச் செய்தும் பலனில்லை என்று உறுதியாகச் சொல்வேன். பின்னர் மட்கிய தொழு உரமும் சலித்த செம்மண்ணும் கலந்து மட்டம் பார்த்தோம்.

எந்தப் புல் என்ற கேள்விக்கு விடை சொன்னவர் அணைக்கட்டிலிருந்து வந்திருந்த என் அம்மா. “வரப்பு பூரா அருகு கெடக்குது. நீ காசு குடுத்து எதுக்குப்பா வாங்குற?” என்றார். வெயிலையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்கும் அருகம்புல்லையே புரட்டாசியில் கொண்டுவந்து, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, நான்கு விரற்கடை இடைவெளியில் ஈரமண்ணில் ஊன்றினோம். ‘அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துவதன் பொருளை ஐப்பசி மழையில் கண்ணாரக் கண்டேன். ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுக் கார்த்திகைக் கடைசியில் தரை மூடிவிட்டது.

வேப்ப மரத்தின் அடியில் மட்டும் அது படரவில்லை. அருகுக்கு நாளெல்லாம் வெயில் வேண்டும். அங்கே கடப்பைக் கல் பாவிவிட்டேன்.

இப்போது தண்ணீர் விடும் முறையை முற்றிலும் மாற்றிக்கொண்டேன். கோடையில் நான்கு நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், ஒரு கம்பியைக் குத்தினால் அரை அடி எளிதாக இறங்கும் அளவுக்கு நனைக்கிறேன். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே செல்கிறது, உப்பும் வேருக்குக் கீழே இறங்குகிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவு நீரைப் புல்லுக்கு விடுவது எங்கள் தெருவில் வழக்கமாக இருக்கிறது. மூல நீரைவிட அதில் உப்பு மிகுதி என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. கத்திரி வெயிலில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விட்டுவைத்தால் புல்லின் நிழலே மண்ணைக் காக்கிறது.

இன்னும் ஓயாத தொல்லை கோரை. இழுத்தால் தலை மட்டும் கையோடு வருகிறது. கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுவாரம் முளைக்கிறது. மழை பெய்து மண் இளகிய மறுநாள் களைக்கொத்தால் கிழங்குச் சரத்தோடு கெல்லி எடுக்கிறேன். கிழக்கு ஓரத்தில் இன்னும் மூன்று முழம் மீதமிருக்கிறது. அடுத்த மழைக்காக அங்கே குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறேன்.