தட்டுக் கொலம் பரிசோதனை: தண்ணீரைத் திறக்க முன்னம் பார்க்க வேண்டியவை

தட்டுக் கொலம் என்பது துளையிட்ட தட்டுகள் அடுக்கிய கோபுரம்; மேலிருந்து தண்ணீர் இறங்க, கீழிருந்து காற்று துளைகளால் ஏறும். இந்தச் சல்லடைத் தட்டுப் பரிசோதனையில் முதலில் எடுக்க வேண்டியது உலர் அமுக்க வீழ்ச்சி, அதாவது தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் தட்டைக் கடக்கும்போது குறையும் அமுக்கம். அவசரத்தில் பலர் இதை விட்டுவிட்டு நேரே தண்ணீரைத் திறக்கிறார்கள். தட்டு நனைந்தபின் துளைகளில் ஈரம் நிற்கும், உலர் றீடிங் சரியாக வராது.

துளைக்குள்ளால் போகும் காற்றின் வேகம் செக்கனுக்கு 15 மீற்றர், துளைக் குணகம் (துளையில் காற்று நெருங்கிப் பாய்வதற்கான திருத்த எண்) 0.84 என்று வைப்போம். எங்கள் 30 பாகை வெக்கையில் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.16 கிலோகிராம், பழக்கதோசத்தில் 1.2 போட வேண்டாம். 51 × (15/0.84)² × 1.16/996 என்று பெருக்கினால் (51 அலகு மாற்றும் மாறிலி, 996 தண்ணீரின் அடர்த்தி) ஏறக்குறைய 19 மி.மீ. தண்ணீர் உயரம் வரும். அமுக்கத்தை அளக்கும் மனோமானி 22 காட்டினால் துளைகளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தல் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு துளை விளிம்பிலும் படியும். 5 மி.மீ. துளை 4.8 ஆகச் சுருங்கினாலே வீழ்ச்சி 18 சதவீதம் ஏறும். கம்பியால் குத்தாதீர்கள், விளிம்பு கீறுப்பட்டால் குணகமே மாறிவிடும். கறையில்லா உருக்குத் தட்டென்றால் வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவினால் போதும்.

அடுத்து, தட்டு சரியாகக் கிடையாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 300 மி.மீ. நீள வெயாரில் (தண்ணீரைத் தட்டில் தேக்கி வழியவிடும் தடுப்பில்) செக்கனுக்கு ஒரு லீற்றர் ஓடினால் அதன் மேல் நிற்கும் தண்ணீர் 17 மி.மீ. மட்டுமே. தட்டு 3 மி.மீ. சரிந்திருந்தால், பதிந்த பக்கம் ஒழுக, உயர்ந்த பக்கத்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

டவுன்கமரின் (மேல் தட்டுத் தண்ணீர் கீழ்த் தட்டுக்கு இறங்கும் வழியின்) அடிவாய் தண்ணீருக்குள் மூழ்கும்வரை காற்றைக் கூட்ட வேண்டாம். மூழ்காவிட்டால் காற்று அதற்குள்ளாலேயே ஏறித் தண்ணீரை இறங்கவிடாது. பிறகு காற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் றீடிங் அசையாமல் நின்றபின் குறியுங்கள். மனோமானிக் குழாய்க்குள் தண்ணீர்த் துளி சிக்கினால் றீடிங் பொய் சொல்லும், இடையிடையே ஊதிவிடுங்கள்.

குறைந்த காற்றில் தட்டுக்குக் கீழே மழைபோல் சொட்டுவது ஒழுகல். காற்றைக் கொஞ்சம் கூட்டியதும் வீழ்ச்சி திடீரென எகிறினால் வெள்ளம், அதாவது தண்ணீர் கீழே இறங்க முடியாமல் கொலத்தில் தேங்கி நிரம்பும் நிலை, நெருங்கிவிட்டது. டவுன்கமரில் நுரை நீங்கிய தெளிந்த திரவ உயரம், தட்டு இடைவெளியும் வெயார் உயரமும் சேர்ந்ததில் பாதியைத் தாண்டக் கூடாது: 450 உம் 50 உம் என்றால் 250 மி.மீ.

வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கேட்கக்கூடியது: இந்த எண்களை எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கொலத்துக்கு அப்படியே போடலாமா? முடியாது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன், ஐதரோகாபன்களுக்கு 20 அளவில். அங்கே துளிகள் சிறிதாக உடைந்து மேல் தட்டுக்கு எளிதில் அள்ளுண்டு போகும்.