டார்ட்மூர் சிறையைக் காலி செய்த வாயு

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் மேலே, டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிரின்ஸ்டவுன் கிராமம் இருக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனைப்போல ஏறக்குறைய இரு மடங்கு மழை. வெள்ளாமைக்கு லாயக்கில்லாத அந்த மேட்டில் ஊரை நிலைக்க வைத்தது சிறைதான். வேல்ஸ் இளவரசரின் செயலாளராக இருந்த தாமஸ் டைர்விட்டின் முயற்சியில், நெப்போலியன் போர்க் கைதிகளுக்காகக் கருங்கல்லில் எழுந்தது அது. 1809இல் பிரெஞ்சுக்காரர்களும் 1813 முதல் அமெரிக்கர்களும் வந்தார்கள். ஊர்த் தேவாலயத்தைக் கட்டியதும் கைதிகளே. போர் முடிந்து சிறை காலியானதும் ஊரும் படுத்துவிட்டது. 1850இல் குற்றவாளிகளுக்காகத் திறந்த பிறகே எழுந்தது. 2024இல் மறுபடியும் காலி. இந்த முறை காரணம் ரேடான்.

கருங்கல்லில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகும். ரேடியத்திலிருந்து ரேடான் வரும். நிறமும் மணமும் இல்லாத கதிரியக்க வாயு. சுவர்க் கல்லிலிருந்துதான் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு தரைக்கடியிலிருந்து வருவது. உள்ளே சூடான காற்று மேலேறும்போது தரைமட்டத்தில் அழுத்தம் குறைகிறது. தளத்து விரிசல், குழாய் நுழையும் சந்து வழியாகக் கட்டடம் மண்காற்றை உறிஞ்சுகுழல்போல இழுக்கிறது. சின்ன ஜன்னல், பூட்டிய கதவு, நாளின் பெரும்பகுதி உள்ளேயே அடைப்பு என்றால் சிறை அறையைவிட மோசமான இடம் கிடையாது. டார்ட்மூரில் அளவு கூடியிருப்பது 2020இலேயே தெரியும். அப்படியும் 2022இல் அரசு அந்தச் சிறைக்குப் புதுக் குத்தகை போட்டது. அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பார்ல் கருங்கல் பாறையடியில் குடியிருப்போரும் (மண்டேலா கடைசியாக இருந்த சிறையும் அந்தப் பக்கம்தான்), ஜோகன்னஸ்பர்க்கின் யுரேனியம் கலந்த தங்கச் சுரங்க மண்மேடுகளுக்கு அருகே வீடுள்ளோரும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. ரேடானைப் பதிவுசெய்யும் கைக்கடக்கமான பிளாஸ்டிக் டப்பிகள் இரண்டு போதும். ஒன்று கூடத்தில், ஒன்று படுக்கையறையில்; மூன்று மாதம் அசைக்காமல் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஜன்னலோரம், ஹீட்டர் பக்கம், சமையலறை, குளியலறை கூடாது. குளிருக்காக ஜன்னல்களை மூடியே வைத்திருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வைத்தால் உச்ச அளவு பிடிபடும். இரண்டு நாள் சோதனையை நம்பாதீர்கள்; காற்றும் மழையும் மாறினால் எண்ணும் மாறிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அது முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக் கூடாது. ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து புகைபிடிப்பவருக்குப் பல மடங்கு.

அளவு கூடினால் பலர் முதலில் விரிசலுக்குச் சிமென்ட் பூசுவார்கள். அது மட்டும் போதாது. வாயு அடுத்த சந்தைத் தேடிக்கொள்ளும். பலன் தருவது தளத்துக்கடியில் வாளியளவு குழி, அதிலிருந்து ஒரு குழாய், இடைவிடாமல் ஓடும் சிறு மின்விசிறி. குழாயின் வாய் கூரைக்கு மேலே, ஜன்னல்களிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மரத்தளமாக இருந்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகளைத் திறந்து வைத்தாலே பல சமயம் குறையும். மின்வெட்டில் விசிறி நின்றால் அளவு திரும்ப ஏறும், ஆகவே இன்வெர்ட்டரில் அதற்கும் ஓர் இணைப்பு கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடியும் டப்பி வையுங்கள்.