பழைய விடுதியில் தொடங்கிய சபை

ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு கத்தோலிக்கத் துறவியரை நெருக்கிக்கொண்டிருந்த காலம். அங்கே மறைபரப்பு இல்லம் திறக்க வழியில்லை என்றதும் அருட்தந்தை அர்னால்டு யான்சென் எல்லையைத் தாண்டிப்போய், நெதர்லாந்தின் ஸ்டைல் ஊரில், மாஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய விடுதியை வாங்கி 1875இல் இறைவார்த்தை சபை என்ற மறைபரப்புத் துறவற சபையைத் தொடங்கிவிட்டார். அடுத்த வருடமே அச்சகம் போட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்திரிகை வழியாகத்தான் காணிக்கையும் வந்தது, ஆட்களும் வந்தார்கள். சபையிலிருந்து 1879இல் சீனாவுக்குப் போன அருட்தந்தை ஃபிரைனாடெமெட்ஸ் ஊர் திரும்பவே இல்லை. 1908இல் அங்கே ஷாண்டோங் மாகாணத்திலேயே டைபஸ் காய்ச்சலில் இறந்தார். அப்புறம் ஹெலெனா ஸ்டோலென்வெர்க்கைச் சொல்லியாக வேண்டும். சீனாவுக்குப் போகும் ஆசையோடு 1882இல் ஸ்டைல் வந்தவர், சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே காத்திருந்தார். பெண்களுக்கான சபை பிறந்தது 1889இல்தான், அவரையும் சேர்த்துக்கொண்டு.