“பெண்களுக்கு அந்தப் பென்ஷன் கிடையாது” என்றார்கள். கோப்பு கிடைத்துவிட்டது!

என் மாமியாரின் பாட்டி அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக்காரர். 1920, 21 வாக்கில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்தபோது, போராளிகளுக்குத் துணைநின்ற குமன் ந மான் என்ற பெண்கள் அமைப்பில் இருந்தார், வைக்கோல் போருக்குள் துப்பாக்கி ஒளித்து வைத்தார் என்பது வீட்டில் காலங்காலமாக நடக்கும் பேச்சு. அந்தப் போராட்டக்காரர்களுக்கு ஐரிஷ் அரசு பிற்பாடு கொடுத்த ராணுவ சேவை ஓய்வூதியத்துக்கு அவர் பேரில் கோப்பு இருக்கிறதா என்று தேடப் போய்த்தான் இத்தனை அலைச்சல். கோப்பு கிடைத்துவிட்டது. ஆனால் எரிச்சல் இன்னும் தீரவில்லை, அதனால் அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

ஊர்ப்பக்கத்து வரலாற்று மையம் ஒன்றில் விசாரித்தோம். போனில் “தாராளமாக வாருங்கள்” என்றார்கள். மழையில் அவ்வளவு தூரம் காரோட்டிப் போனால், அதைப் பார்க்கிறவர் அன்றைக்கு லீவு. மேஜையில் இருந்தவர் கணினியைத் தொடக்கூட இல்லை. “அந்தப் பென்ஷன் சண்டை போட்ட ஆண்களுக்குத்தான், பெண்களுக்குக் கிடையாது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எழுபது தாண்டிய மாமியார் மறுபேச்சில்லாமல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த ஆள் சொன்னது பாதி உண்மை, அதுதான் இன்னும் மோசம். பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் 1922, 23இல் உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்டார்கள். 1924ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் அந்தப் போரில் அரசுப் படையில் இருந்தவர்களுக்கானது. உடன்படிக்கையை எதிர்த்தவர்களுக்கு அதில் இடமில்லை, குமன் ந மானுக்கும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் குண்டடி பட்ட மார்கரெட் ஸ்கின்னிடர் காயத்துக்கான ஓய்வூதியம் கேட்டபோது, சட்டம் ஆண் வீரர்களை மட்டுமே குறிக்கிறது என்று 1925இல் கைவிரித்தார்கள். 1938இல்தான் கொடுத்தார்கள். ஆனால் உடன்படிக்கையை எதிர்த்த அணியின் தலைவர் டி வலேரா ஆட்சிக்கு வந்தபின் 1934இல் வந்த சட்டம் எதிரணிக்கும் குமன் ந மானுக்கும் கதவைத் திறந்துவிட்டது. மேஜைக்காரருக்குக் கதை 1924உடன் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அப்புறம் காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறவர் ஒருவரைப் பிடித்தோம். அவர் ஒரு பக்க அறிக்கை அனுப்பினார்: கார்க் மாவட்டத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. நன்றி, வணக்கம். காசு போனது போனதுதான்.

அயர்லாந்தின் ராணுவ ஆவணக் காப்பகம் இந்தக் கோப்புகளை 2014 முதல் கட்டம் கட்டமாக இணையத்தில் வெளியிட்டு வருகிறது. பார்க்கக் கட்டணமில்லை. அதில் தனிநபர் கோப்புகளை விட்டுவிட்டு முதலில் பெயர்ப்பட்டியல்களைத் திறந்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. 1930களில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதற்காகப் பழைய ஆட்களே உட்கார்ந்து, கிளை வாரியாக, 1921 ஜூலை 11இலும் 1922 ஜூலை 1இலும் யார் யார் உறுப்பினர் என்று எழுதிக் கொடுத்த பட்டியல்கள் அவை. குமன் ந மானுக்குத் தனிப் பட்டியல் உண்டு. பாட்டியின் கிளையைத் திறந்தால் பிறந்த வீட்டுப் பெயரோடு அவர் நிற்கிறார்! பக்கத்தில் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர், லிமெரிக் முகவரி. விண்ணப்பிக்கும்போது அவர் கார்க்கிலேயே இல்லை. போதாததற்குப் புகுந்த வீட்டுப் பெயரை ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் கொடுத்திருக்கிறார். கார்க் என்று வடிகட்டினால் எப்படி வரும்? பெயரை மாற்றி, மாவட்டத்தையும் மாற்றித் தட்டினோம், கோப்பு வந்து நின்றது. மாமியார் போட்ட சத்தத்தில் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

கோப்பு பெரிது. அதில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, விண்ணப்பங்களை விசாரித்த ஆலோசனைக் குழுவின் முன் அவர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தை. எத்தனை துப்பாக்கி வைத்திருந்தீர்கள், யார் கொண்டுவந்தது, கடிதத்தை எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். மலையில் திரிந்த படைக்குச் சமைத்துப் போட்டதையும் துணி துவைத்ததையும் அவர் சொல்கிறார். உடனே பேச்சைத் திருப்பி, ஆயுதம் எதையாவது தூக்கிக்கொண்டு போனீர்களா என்கிறார்கள். பென்ஷனுக்குத் ‘தீவிர சேவை’ செய்திருக்க வேண்டும், ஆனால் எது தீவிர சேவை என்று சட்டம் எங்கேயும் வரையறுக்கவில்லை. அதனால் சோறு போட்டது கணக்கில் வருமா வராதா என்பது குழுவின் கையில். முதல் முடிவு: இந்தச் சட்டம் பொருந்தக்கூடிய நபர் நீங்கள் அல்ல. தட்டச்சு செய்த ஒற்றை வாக்கியம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே வாக்கியம் போயிருக்கிறது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

1949இல் சட்டத்தைத் திருத்தி மறுபரிசீலனைக்கு வழி செய்தபோது பாட்டி மறுபடி மனுப் போட்டிருக்கிறார், அந்தப் பகுதிப் படை அதிகாரி ஒருவரின் சான்றோடு. இந்த முறை கிடைத்தது, ஈ தரம். ஐந்து தரங்களில் அதுதான் கடைசி. பெண்களுக்கு டி, ஈ தவிர வேறு தரமே கொடுக்கவில்லை. ஈ தரத்தில், கணக்கில் எடுத்துக்கொண்ட ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் வருடத்துக்கு 5 பவுண்டு. “இதுக்கா இத்தனை கேள்வி கேட்டாங்க?” என்றார் மாமியார்.

தேடப்போகிறவர்களுக்குச் சில. நிராகரித்த கோப்புகளையும் வைத்திருக்கிறார்கள், பென்ஷன் வாங்கவில்லை என்று வீட்டில் சொன்னாலும் தேடுங்கள். பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர், இரண்டின் ஐரிஷ் வடிவம் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கிராமத்துப் பெயரை நம்பாதீர்கள், விண்ணப்பித்தபோது இருந்த முகவரிதான் பதிவில் இருக்கும். கோப்பின் கடைசித் தாள்களையும் விடாதீர்கள். ஓய்வூதியத்தை நிறுத்துவதற்காக இறப்புச் செய்தியைக் கோப்பில் சேர்த்திருப்பார்கள், எங்களுக்குத் தேதி அதில்தான் கிடைத்தது. உங்கள் ஆளின் கோப்பு இன்னும் வெளியாகவில்லையா? அதே கிளையின் தலைவி, செயலாளர் கோப்புகளைத் திறங்கள். கூட இருந்தது யார் என்று அவர்களிடமும் கேட்டிருப்பார்கள், அங்கே பெயர் இருக்க வாய்ப்புண்டு. பாட்டியின் தங்கையை நாங்கள் இப்போது அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.